பழைய வானொலி நகைச்சுவை இன்றும் சிரிக்க வைப்பது எப்படி?

அமெரிக்காவில் 1930, 40களிலும் பிரிட்டனில் 1950, 60களிலும் ஒலிபரப்பான நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு இன்றும் புதிய நேயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். பிபிசி 2002இல் தொடங்கி, 2011 முதல் ‘ரேடியோ 4 எக்ஸ்ட்ரா’ என்று அழைக்கும் அலைவரிசையின் நேரத்தில் பெரும்பகுதியைப் பழைய பதிவுகளே நிரப்புகின்றன. பாட்காஸ்ட் செயலிகளில் தேடினால் 80 ஆண்டுகளுக்கு முந்தைய அரை மணி நேர நிகழ்ச்சிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நடித்தவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. விளம்பரப்படுத்தப்பட்ட பொருள்கள் சில கடைகளிலேயே இல்லை. இருந்தும் சிரிப்பு வருகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, பழைய நினைவு. இன்று கேட்பவர்களில் பலர் அந்த நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு பிறந்தவர்கள் என்பதால் இது பாதி விளக்கம்கூட ஆகாது. இன்னொன்று, அந்தக் கால நகைச்சுவை ஆபாசமற்றது என்பது. அக்கால ஒலிபரப்பு முழுவதுமே தணிக்கைக்கு உட்பட்டதுதான். அப்படியிருந்தும் அதில் பெரும்பகுதி மறக்கப்பட்டுவிட்டது. ஆகவே உண்மையான காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

எந்த நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

‘வானொலி நகைச்சுவை’ என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகைகள் இருக்கின்றன.

1. பல்சுவை நிகழ்ச்சி. மேடை நாடக அரங்குகளிலிருந்து வந்த வடிவம். ஒரு நாயகர், ஒரு பாடகர், இசைக்குழு, வாரம் ஒரு விருந்தினர், இடையிடையே நகைச்சுவைக் காட்சிகள். 1932இல் தொடங்கிய, அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சி இப்படித்தான் பிறந்தது.

2. சூழ்நிலை நகைச்சுவை. அதே வீடு, அதே மனிதர்கள், வாரம் ஒரு புதுச் சிக்கல். 1935இல் தொடங்கிய ‘ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி’யும், பிபிசியில் 1954 முதல் 1959 வரை ஒலிபரப்பான ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ நிகழ்ச்சியும் இந்த வகை. இன்று தொலைக்காட்சியில் ‘சிட்காம்’ என்று சொல்லப்படும் வடிவம் வானொலியில்தான் உருவானது. 1951இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘ஐ லவ் லூசி’க்கு முன்னோடி, லூசில் பால் 1948 முதல் நடித்துவந்த ஒரு வானொலித் தொடர்.

3. தர்க்கத்தை உடைக்கும் நகைச்சுவை. 1951 முதல் 1960 வரை பிபிசியில் வந்த ‘தி கூன் ஷோ’ இதன் உச்சம். ஸ்பைக் மில்லிகன் எழுதினார். அவரோடு பீட்டர் செல்லர்ஸும் ஹாரி சீகமும் நடித்தார்கள்.

பென்னியின் நிகழ்ச்சி காலப்போக்கில் முதல் வகையிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்ந்தது. அது இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த நகர்வே காரணம் என்பது என் கணிப்பு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

காதுக்கு மட்டும் என்ற நிபந்தனை

வானொலியில் காட்சி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நகைச்சுவை எழுதுபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதல் ஆதாயம் செலவு. 1955இல் ஒலிபரப்பான ஒரு கூன் ஷோ கதையில், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து நெப்போலியனின் பியானோவை எடுத்துவர ஐந்து பவுண்டு கூலிக்கு நாயகன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். இங்கிலாந்துக்குக் கொண்டுவர வேறு வழி இல்லாததால் பியானோவின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறார்கள். திரைப்படத்தில் இதை எடுக்கப் பெரும் செலவாகும். எடுத்தாலும், மிதக்கும் அந்தப் பியானோவைப் பார்த்த நொடியில் அது எப்படி மிதக்கிறது என்ற கேள்வி எழுந்துவிடும். வானொலியில் அலையோசையும் சில பியானோக் கட்டைகளின் ஒலியும் போதும். கேட்பவர் தனக்குத் தோன்றிய பியானோவை, தனக்குத் தோன்றிய கடலில் மிதக்கவிட்டுக்கொள்கிறார். அவரே கட்டிய காட்சி என்பதால் அதைச் சந்தேகிப்பதில்லை.

இரண்டாவது ஆதாயம் இன்னும் நுட்பமானது. ஃபிப்பர் மெக்கீ வீட்டு அலமாரி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜிம் ஜோர்டன், மரியன் ஜோர்டன் என்ற தம்பதி நடித்த இந்தத் தொடரில், கூடத்தில் ஓர் அலமாரி இருக்கிறது. 1940 மார்ச்சில் அது முதல்முறையாகத் திறக்கப்பட்டது. கதவு திறக்கும் சத்தம். கண நேர அமைதி. பிறகு பெட்டிகளும் தகரங்களும் பாத்திரங்களும் சரிந்து விழும் நீண்ட ஓசை. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் விழும். கடைசியில் ஒரு சின்ன மணி மட்டும் தனியாக ‘கிணிங்’ என்று ஒலிக்கும். அதற்குப் பின், என்றாவது ஒருநாள் இந்த அலமாரியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஃபிப்பர் முணுமுணுப்பார்.

பிற்காலத்தில் தொலைக்காட்சிக்காக இந்தத் தொடரை எடுத்துப் பார்த்தபோது அது எடுபடவில்லை. அலமாரியைக் கண்ணால் பார்த்தால் அதில் இருப்பது சில பொருள்கள்தான். காதால் கேட்டால் அதில் என்னென்ன இருக்கின்றன என்பதற்கு முடிவே இல்லை. மேலும், வானொலியில் சரிவு எப்போது முடியும் என்பது கேட்பவருக்குத் தெரியாது. அந்தச் சின்ன மணிக்காகக் காத்திருப்பதே சிரிப்பின் பாதி. பழகிய நேயருக்கு, யாராவது அலமாரிப் பக்கம் நடந்தாலே போதும், சிரிப்பு தொடங்கிவிடும். அலமாரியைத் திறக்காமலேயே விட்டு, அந்த ஏமாற்றத்தையும் நகைச்சுவையாக்கிய வாரங்கள் உண்டு.

இந்த ஆதாயத்தின் எல்லையைக் காட்டுபவர் எட்கர் பெர்கன். அவர் உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர். உதடு அசைகிறதா என்று யாராலும் பார்க்க முடியாத வானொலியில் அந்த வித்தைக்கு மதிப்பே இருக்கக்கூடாது. ஆனால் 1937இல் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி அமெரிக்காவின் மிகப் பிரபலமான நிகழ்ச்சிகளில் ஒன்றானது. நேயர்களுக்கு சார்லி மெக்கார்த்தி பொம்மையாகத் தோன்றவில்லை. குறும்பும் வாய்த்துடுக்கும் நிறைந்த ஒரு பையனாகவே அவனைக் கேட்டார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் மனிதனுக்கும் பொம்மைக்கும் வேறுபாடு இல்லை.

மௌனம் எப்படிச் சிரிப்பாகிறது?

வானொலியில் மௌனம் ஆபத்தானது. சில நொடி ஒலி இல்லாவிட்டால் கருவி பழுதாகிவிட்டதோ என்று நேயர் நினைப்பார், விளம்பரதாரர் பதறுவார். இந்த ஆபத்தையே ஜாக் பென்னி தன் கருவியாக்கினார்.

1948 மார்ச் 28 அன்று ஒலிபரப்பான நிகழ்ச்சி. நடிகர் ரொனால்டு கோல்மனுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஆஸ்கர் விருது கிடைத்திருந்தது. கதையில் அவர் பென்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஆஸ்கர் சிலையை அவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு பென்னி இரவில் வீட்டுக்கு நடந்து வருகிறார். ஒரு திருடன் வழிமறிக்கிறான். “பணமா, உயிரா?” என்கிறான். பென்னி பதில் சொல்லவில்லை. மௌனம் நீள்கிறது. அரங்கில் சிரிப்பு தொடங்கி, பெருகுகிறது. திருடன் பொறுமையிழந்து மறுபடி அதட்டுகிறான். அப்போதுதான் பென்னி வெடிக்கிறார்: “யோசித்துக்கொண்டிருக்கிறேன்!”

சிரிப்பு எங்கே தொடங்கியது என்று பாருங்கள். கடைசி வரிக்கு முன்பே, யாரும் எதுவும் பேசாத இடத்தில். அந்த இடத்தில் நகைச்சுவை வசனம் எதுவும் இல்லை. அரங்கில் இருந்தவர்களுக்கும் வீட்டில் கேட்டவர்களுக்கும் பென்னி என்ற பாத்திரம் எத்தகைய கஞ்சன் என்பது பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். வீட்டுக்கு அடியில் பாதுகாப்புப் பெட்டகம் கட்டி, காவலுக்கு ஆள் வைத்திருப்பவர். ஓட்டை உடைசலான பழைய மாக்ஸ்வெல் காரை விற்க மனம் வராதவர். வயது எப்போதும் 39 என்று சாதிப்பவர். மௌனத்தின்போது அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை நேயர்களே எழுதிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது: ‘தொடர் வேடிக்கை’. ஒரே வேடிக்கை வாரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சிறு மாற்றங்களோடு திரும்பி வருவது. இது சோம்பேறித்தனம்போலத் தோன்றலாம். நடைமுறையில் இது ஒரு சேமிப்பு முறை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாத்திரத்தைப் பற்றிய நேயரின் அறிவு கூடுகிறது, விளக்கம் குறைகிறது. ஒரு கட்டத்தில் ஒரு பெருமூச்சு போதும். மாக்ஸ்வெல் காரின் இருமலுக்கும் இழுப்புக்கும் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். அந்தக் காருக்கே நேயர்கள் மனத்தில் ஒரு குணம் உண்டாகிவிட்டது.

பென்னியின் இன்னொரு முடிவும் முக்கியமானது. தன் நிகழ்ச்சியில் நல்ல வரிகள் பெரும்பாலானவற்றை அவர் பிறருக்குக் கொடுத்தார். வீட்டுப் பணியாளராக வரும் எட்டி ஆண்டர்சனும், அறிவிப்பாளரும், பாடகரும், இசைக்குழுத் தலைவரும் அவரைக் கிண்டல் செய்வார்கள்; அவர் அடி வாங்குவார். நிகழ்ச்சி தன் பெயரில் இருப்பதால் எந்த வரி யார் வாயிலிருந்து வந்தாலும் வெற்றி நிகழ்ச்சிக்குத்தான் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். இதனால் ஒரு முழுக் குடும்பம்போன்ற உறவு வலை உருவானது. இன்று புதிதாகக் கேட்பவர்கூட மூன்று நான்கு நிகழ்ச்சிகளில் அந்த வலைக்குள் வந்துவிடுகிறார்.

பிரிட்டனில் இதே வழியில் நடந்தவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்ஸன் என்ற இரட்டை எழுத்தாளர்கள். ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ நாயகர் டோனி ஹான்காக்குக்காக அவர்கள் எழுதியதில் நகைச்சுவைத் துணுக்குகளைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டார்கள். 1958இல் ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சியில் கதையே இல்லை. மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் நால்வர், செய்வதற்கு எதுவும் இல்லை. பெருமூச்சு, கொட்டாவி, நேரம் என்ன என்ற கேள்வி, சுவர்க் காகிதத்தின் கோலங்களில் மனித முகம் தேடுவது. அரை மணி நேரம் இதுதான். சலிப்பைச் சலிப்பில்லாமல் காட்டிய அந்த எழுத்து, என்னைப் பொறுத்தவரை வானொலியின் மிகப்பெரிய சாதனைகளில் ஒன்று. அந்த ஞாயிறு மதியம் எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் வரக்கூடியது.

மங்கிப்போனவை எவை?

நிலைத்தவற்றை மட்டும் பார்த்தால் காரணம் புரியாது. மங்கியவற்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

1939இல் பிபிசியில் தொடங்கிய ‘இட்மா’ போர்க்கால பிரிட்டனின் மிகப் பிரபலமான நகைச்சுவை நிகழ்ச்சி. டாமி ஹேண்ட்லி நாயகர். டெட் கவனா எழுத்தாளர். அந்த வாரத்துச் செய்திகளையும் ரேஷன், அமைச்சகம், படிவம் ஆகியவற்றையும் மின்னல் வேகத்தில் கேலி செய்தது. குண்டுவீச்சுக்கு நடுவில் ஒரு நாட்டையே சிரிக்க வைத்தது. 1949 ஜனவரியில் ஹேண்ட்லி இறந்ததோடு நிகழ்ச்சியும் நின்றது. இன்று அதைக் கேட்டால், அரங்கம் அதிரச் சிரிக்கும் இடத்தில் நமக்கு ஒன்றும் புரிவதில்லை. எந்த அமைச்சர், எந்த உத்தரவு, எந்தப் பொருளுக்குத் தட்டுப்பாடு என்று அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது. அதன் பலமே அதன் ஆயுளைக் குறைத்தது.

அமெரிக்காவில் ஃபிரெட் ஆலனின் நிலையும் ஏறக்குறைய இதுதான். சக எழுத்தாளர்கள் அவரைத் தங்களில் கூர்மையானவர் என்று மதித்தார்கள். அவருக்கும் பென்னிக்கும் 1936இன் இறுதியில் தொடங்கிய போலிச் சண்டை பல ஆண்டுகள் இரு நிகழ்ச்சிகளிலும் ஓடியது. நேரில் இருவரும் நண்பர்கள். ஆலனின் கேலி பெரும்பாலும் அன்றைய செய்தியையும் வானொலித் துறையின் அதிகாரிகளையும் நோக்கியது. 1948இல் எதிர் அலைவரிசையில் வந்த ஒரு பரிசுப் போட்டி நிகழ்ச்சி அவருடைய நேயர்களை இழுத்துக்கொண்டது. 1949இல் நிகழ்ச்சி முடிந்தது. இன்று பென்னியைக் கேட்பவர்கள் பலர். ஆலனைத் தேடிப்போகிறவர்கள் மிகச் சிலர்.

கஞ்சத்தனம், தற்பெருமை, சலிப்பு, என்றைக்கோ செய்ய நினைத்துச் செய்யாமல் விடும் வேலை: நிலைத்தவை சாய்ந்திருப்பது இவற்றின்மேல். இவற்றுக்கு விளக்கவுரை தேவையில்லை.

பதிவுகள் தப்பிப் பிழைத்த கதை

எது சிறந்தது என்பதைத் தாண்டி, எது நம் கைக்கு வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. இதில் தற்செயலின் பங்கு பெரியது.

அமெரிக்காவின் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களான என்பிசியும் சிபிஎஸ்ஸும் 1940களின் பிற்பகுதிவரை, பதிவு செய்த நிகழ்ச்சிகளைத் தங்கள் வலையமைப்பில் ஒலிபரப்பக் கூடாது என்ற கொள்கையை வைத்திருந்தன. எல்லாமே நேரடி ஒலிபரப்பு. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருப்பதால், பல நிகழ்ச்சிகளை ஒரே இரவில் இரண்டு முறை நடித்தார்கள். அப்படியானால் பதிவு எங்கிருந்து வந்தது?

1. விளம்பரதாரர்களும் நிலையங்களும் சரிபார்ப்புக்காகத் தட்டுகளில் பதிவு செய்துவைத்தார்கள். இவை 16 அங்குல விட்டம் கொண்டவை. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி. ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கங்கள். வீட்டு இசைத்தட்டுக் கருவியில் இவற்றை வைக்க முடியாது. அலுமினியத்தின்மேல் அரக்குப் பூச்சுப் பூசியவை. போரில் அலுமினியம் தட்டுப்பாடானபோது கண்ணாடியின்மேல் பூசினார்கள். கீழே விழுந்த கண்ணாடித் தட்டோடு ஒரு நிகழ்ச்சியே போய்விடும்.

2. 1942இல் உருவான அமெரிக்க ராணுவ வானொலி, கடல் கடந்து போரிட்ட வீரர்களுக்காகப் பிரபல நிகழ்ச்சிகளைத் தட்டுகளாக்கி உலகெங்கும் அனுப்பியது. விளம்பரங்களை நீக்கிவிட்டார்கள். இன்று கிடைக்கும் பல பதிவுகள் இந்தப் பிரதிகளிலிருந்து வந்தவை. சில நிகழ்ச்சிகள் திடீரென்று தாவுவதுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அக்கால விளம்பரங்கள் கதைக்குள்ளேயே பின்னப்பட்டிருந்தன. ஃபிப்பர் மெக்கீயின் அறிவிப்பாளர் ஒரு பாத்திரமாகவே வீட்டுக்குள் நுழைந்து தரை மெழுகைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

3. பிபிசியில், வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு பிரிவு தட்டுகளைத் தயாரித்தது. கூன் ஷோவின் பல நிகழ்ச்சிகள் இதனால் பிழைத்தன. ஹான்காக் வானொலித் தொடரில் சுமார் 20 நிகழ்ச்சிகளின் பதிவு தொலைந்துபோனது. எழுத்துப் பிரதிகள் மட்டும் இருந்ததால், 2014 முதல் பிபிசி புதிய நடிகர்களைக் கொண்டு அவற்றை மீண்டும் பதிவு செய்தது.

காந்த நாடா வந்தபின் நிலைமை மாறியது. பாடகர் பிங் கிராஸ்பி வாராவாரம் நேரலையில் நிற்க விரும்பாமல் 1946இல் தட்டிலும், 1947இல் நாடாவிலும் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். நாடாவை வெட்டி ஒட்டலாம் என்பதால், ஓர் அரங்கில் எழுந்த சிரிப்பை எடுத்து வேறொரு வேடிக்கைக்குப் பின்னால் சேர்க்கும் பழக்கமும் அதோடு பிறந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் கேட்கும் சிரிப்பு, அந்த நொடியில் அந்த அரங்கில் எழுந்தது. நடிகர் வரியை மறந்து தடுமாறுவதும், சக நடிகர் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவதும் அப்படியே இருக்கின்றன. இந்த நேரடித்தன்மைக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

கேட்கக் கூசும் பகுதிகள்

இந்த நிகழ்ச்சிகளை நேசிப்பவர்கள் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் உண்டு. 1928இல் தொடங்கி நாடு முழுவதும் பைத்தியமாகக் கேட்கப்பட்ட ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’யில் கறுப்பினப் பாத்திரங்களைப் பேசியவர்கள் ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் காரெல் என்ற இரு வெள்ளையர்கள். கறுப்பினப் பத்திரிகையான ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ 1931இலேயே இதற்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தியது. ஆகவே ‘அந்தக் காலத்தில் யாரும் தவறாக நினைக்கவில்லை’ என்ற வாதம் செல்லாது. நினைத்தார்கள், சொன்னார்கள், பெரும்பான்மை காதில் வாங்கவில்லை. பென்னியின் நிகழ்ச்சியில் எட்டி ஆண்டர்சன் கறுப்பினக் கலைஞர். முதலாளியைவிடப் புத்திசாலியாக வருபவர். ஆனாலும் தொடக்க ஆண்டுகளின் வசனங்களில் இன இழிவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுத்தாளர்கள் அதைப் பெருமளவு கைவிட்டார்கள்.

கட்டுப்பாடு மறுதிசையில் வேலை செய்ததும் உண்டு. 1965 முதல் 1968 வரை பிபிசியில் ஞாயிறு மதியம் குடும்பங்கள் கேட்ட ‘ரவுண்டு தி ஹார்ன்’ நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என்ற இரு பாத்திரங்கள் வந்தார்கள். கென்னத் வில்லியம்ஸும் ஹியூ பாடிக்கும் நடித்தார்கள். அவர்கள் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் என்பது தெளிவு. இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான தன்பாலின உறவு 1967வரை குற்றம். ‘போலாரி’ என்ற மறைமொழியைக் கலந்து பேசியதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் மற்றவர்களுக்கு வேறொன்றும் கேட்டது. கேலிக்கு ஆளானவர்கள் அந்த இருவர் அல்லர். அவர்களிடம் வந்து விழிக்கும் நிகழ்ச்சியின் நாயகர் கென்னத் ஹார்ன்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

தொடரின் முதல் நிகழ்ச்சியிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 1932ஆம் ஆண்டின் பென்னி இன்னும் பென்னியாக ஆகவில்லை. கஞ்சத்தனமும் இல்லை, குடும்பமும் இல்லை. 1940களின் பிற்பகுதியில் தொடர்ச்சியாக நான்கைந்து வாரங்களைக் கேட்பது நல்லது. தனி நிகழ்ச்சியைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. தொடர் வேடிக்கை வேலை செய்ய நேரம் வேண்டும். ஹான்காக்கில் கடைசி இரண்டு ஆண்டுகள் மிகச் சிறந்தவை. கூன் ஷோவை வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் வெறும் கூச்சலாகத் தோன்றும். காதுப்பொறி மாட்டி, நடுப்பகுதி ஆண்டுகளில் ஒன்றை முழுக் கவனத்தோடு கேட்க வேண்டும். பதிவின் தரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிகழ்ச்சிக்குப் பல பிரதிகள் சுற்றுகின்றன. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பலமுறை நகலெடுக்கப்பட்ட பிரதியில் முதலில் காணாமல் போவது ஒலியின் நுண்மைதான், ஃபிப்பர் மெக்கீ அலமாரியின் கடைசி மணியோசையைப்போல.